குருதியில் ஓடும் விதியா?

மாலைத் திருப்பலி முடிந்து கோவில் கதவைச் சாத்தும் வேளை. கம்பம் மெட்டுச் சாலை வழியாக நாள்தோறும் ஏலத்தோட்ட வேலைக்குச் சென்று வரும் தந்தையொருவர் நம்மை நாடி வந்தார். அவருடைய மூத்த மகனுக்கு வயது இருபது. ஆளில்லா இடத்தில் குரல்கள் கேட்பதாகக் கூறுகிறான். பெற்ற தாய் இடும் சோற்றில் நஞ்சிருக்கும் என அஞ்சி உண்ண மறுக்கிறான். இரண்டு இடங்களில் மந்திரித்தும் பயனில்லை. ஆயினும், அன்று அவர் கேட்டது மகனைப் பற்றியன்று. மணப்பருவம் எய்திய மகளைப் பற்றி. “சாமி, எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இது எங்க ரத்தத்துலயே ஓடுதா? மகளுக்கும் வந்துருமா?”

வாய்விட்டுக் கேட்கப்படாமல் பல இல்லங்களில் புதைந்து கிடக்கும் கேள்வி இது. அறிவியல் இதற்குத் தரும் விடையை நம் குடும்பங்கள் அறிதல் நலம்.

மனச்சிதைவு எனப்படும் இது சாபமன்று; பேயின் செயலுமன்று; மூளையைப் பற்றிய நோய். மூளையின் பகுதிகளுக்கிடையே உள்ள தொடர்பு பிறழ்வதே இதன் அடிப்படை என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். நம் பள்ளத்தாக்கின் உழவருக்கு இதை விளக்குதல் எளிது. அணையில் பெரியாற்று நீர் உண்டு; வயலும் நல்ல வயலே. ஆயினும், மடைகள் முறைதவறித் திறந்தால் ஒரு வயல் காய்ந்து மறு வயல் மூழ்குமன்றோ? நாம் மனத்துக்குள் பேசும்போது, பேச்சுக்குரிய பகுதி, ‘இது நம் குரலே’ என்று செவிப்புலனுக்குரிய பகுதிக்கு அறிவிக்கிறது. அவ்வறிவிப்புச் சரிவரச் சேராதபோது, சொந்த எண்ணமே அயலார் குரலாய் ஒலிக்கிறது என்பர்.

இத்தொடர்புகள் அமைவதில் மரபணுக்களுக்குப் பங்குண்டு. 2022-இல் வெளியான உலகளாவிய ஆய்வு, இந்நோயோடு தொடர்புள்ள 287 இடங்களை மரபணுத் தொகுதியில் சுட்டியது. டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலிய அறிஞரும் இணைந்து தென்னிந்தியரை ஆராய்ந்து, நயாசின் என்னும் உயிர்ச்சத்தோடு தொடர்புள்ள மரபணு ஒன்றை 2019-இல் சுட்டினர். இவற்றுள் எதுவும் தனித்து நோயை உண்டாக்குவதில்லை; ஒவ்வொன்றும் சிறிதளவே தள்ளுகிறது.

பொதுமக்களில் நூற்றுவருள் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் வருகிறது. நோயுற்றவரின் உடன்பிறந்தோருள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு வரலாம். எஞ்சிய தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. நோயற்ற உடன்பிறந்தோரின் மூளைத் தொடர்புகளிலும் சில மாறுதல்கள் மெல்லிய சாயலாய்க் காணப்படுவதுண்டு. ஆயினும் அவர்கள் நலமாகவே வாழ்கின்றனர். ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிலும் ஒருவர் நோயுற, மற்றவர் ஏறத்தாழப் பாதி நேர்வுகளில் தப்பிவிடுகிறார். எனவே இது விதியன்று. நோய் வருமா வராதா என்று மணமகளைச் சோதித்துச் சொல்லவல்ல குருதிச் சோதனையோ மூளைப் படமோ இன்று இல்லை.

நம் கையில் உள்ளவை சில. கஞ்சா இந்நோய்க்கு வழிதிறக்கும்; குடும்பத்தில் நோயுள்ள இளைஞருக்கு அது மேலும் கேடு. நம் ஊர்களில் அது எவ்வளவு எளிதாய்க் கிடைக்கிறது என்பதைப் பெற்றோர் அறிவர். அடுத்து, காலந்தாழ்த்தாது மருத்துவம் தேடல். சென்னையில் 1981-இல் தொடங்கிய ஆய்வொன்று, முதன்முறை நோயுற்ற 90 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பத்தாண்டு முடிவில் அவர்களுள் பெரும்பாலோரிடம் நோய்க்குறிகள் தணிந்திருந்தன. தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதற்கு மருத்துவம் உண்டு. 14416 என்னும் அரசின் தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

பிறவியிலேயே பார்வையிழந்த ஒருவனைக் கண்டபோது, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் வினவினர். ஆண்டவர் அந்தக் கணக்கையே ஏற்கவில்லை. நாம் மட்டும் ஏன் அக்கணக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம்?

அத்தந்தை மறுவாரமே மகனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மகளின் திருமணப் பேச்சில் உண்மையை மறைக்கவில்லை. வந்த வரன் ஒன்று விலகிப் போயிற்று. மகன் தவறாது மருந்துண்கிறான். தாய் இடும் சோற்றை இப்போது மறுப்பதில்லை. அவ்வீட்டிற்குப் பெண் கேட்டுச் செல்லும் துணிவு நம் பங்கின் குடும்பங்களுக்கு உண்டா என்பதே இனி எழும் கேள்வி.