இணைப்புக்கோலின் முறிவு: வலுவுயர்த்தப்பட்ட ரேர்போ எஞ்சின்கள் பற்றிய ஒரு விளக்கம்

வலுவுயர்த்தப்பட்ட மோட்டர் வாகனமொன்றின் எஞ்சின் உடைந்ததும், பழி யாருடையது என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. வாகனத்தை உற்பத்தி செய்த நிறுவனம் உரிமையாளரின் பேராசையைச் சுட்டும். வலுவை உயர்த்திக் கொடுத்தவர் உருக்கின் தரத்தைக் குறை கூறுவார். உரிமையாளர் தமது தலைவிதியை நொந்துகொள்வார். இம்மூன்று விளக்கங்களும் முறிவைத் தனிமனித ஒழுக்கமாகவோ தற்செயலாகவோ சுருக்கிவிடுகின்றன. இலக்கிய மாணவர்களுக்கு இரும்பில் என்ன வேலை என நண்பர்கள் வினவக்கூடும். ஒரு படைப்பின் வடிவத்தை அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்று கவிதை தொடர்பாக வற்புறுத்தும் நாம், எஞ்சினுக்கு மட்டும் விலக்களிப்பதற்கு நியாயமில்லை.

உருளையினுள் ஏறியிறங்கும் முசலத்தையும், சக்கரங்களுக்குச் சுழற்சியை வழங்கும் கிராங்குத் தண்டையும் பிணைப்பது இணைப்புக்கோல். கராச்சுகளில் இதனைக் 'கொன்றொட்' என்பர். இது இருவகை விசைகளுக்கு ஆட்படுகின்றது. எரியும் வாயு முசலத்தைக் கீழே தள்ளும்போது கோல் நசுக்கப்படுகின்றது. மேலே விரைந்துவரும் முசலத்தைக் கிராங்குத் தண்டு தடுத்து மீளக் கீழிழுக்கும்போது, முசலத்தின் சடத்துவத்தினால் கோல் இழுபடுகின்றது. எரிந்த வாயு வெளியேறி முடியும் வேளையில் முசலத்தை எதிர்த்துத் தள்ள மேலே அமுக்கமில்லையாதலால், இழுவிசை அப்போதே உச்சத்தை அடைகின்றது. நசுக்குவிசை ரேர்போவின் அமுக்கத்தோடு வளர்வது. இழுவிசையோ சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வது. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாதவர்க்கு முறிவு என்றும் புதிராகவே இருக்கும்.

உதாரணமாக, வொல்க்ஸ்வாகன், அவுடி வாகனங்களில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து பொருத்தப்பட்ட 1.8 லீற்றர் ரேர்போ எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உருளையின் விட்டம் 81 மில்லிமீற்றர்; முசலத்தின் வீச்சு 86.4 மில்லிமீற்றர், கோலின் நீளம் 144 மில்லிமீற்றர். கணக்கின் பொருட்டு, ஏறியிறங்கும் திணிவை அரைக் கிலோகிராம் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 6500 சுழற்சிகளில் கோலின்மீதான இழுவிசை ஏறக்குறைய 13 கிலோநியூட்டன். 7500 சுழற்சிகளில் அது 17 கிலோநியூட்டனைத் தாண்டும். அதாவது, வேகம் 15 சதவீதம் உயர விசை 33 சதவீதம் உயர்கின்றது. எரிவமுக்கம் 80 பார் எனக் கொண்டால், வாயு முசலத்தின்மீது செலுத்தும் விசை ஏறத்தாழ 41 கிலோநியூட்டன்.

எஞ்சினை அதிவேகமாகச் சுழற்றுவதே கோலை முறிக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இழுவிசையால், சிறப்பாகக் கோலின் பெரிய முனையைப் பூட்டும் சுரையாணிகள் அறுவதால் நிகழும் முறிவுக்கு இது பொருந்தும். ஆனால் 6500 சுழற்சிகளில் வாயு தள்ளும் 41 கிலோநியூட்டனில் கணிசமான ஒரு பகுதியை முசலத்தின் சடத்துவமே எதிர்த்துக் கழித்துவிடுகின்றது. கோலுக்கு எஞ்சுவது 28 அளவே. அதே அமுக்கம் 2500 சுழற்சிகளில் ஏற்படின் கழிவது இரண்டு கிலோநியூட்டன் மாத்திரமே. கோல் 39 கிலோநியூட்டனைச் சுமக்க நேர்கின்றது. சிறிய ரேர்போவின் சிறப்பாக விளம்பரப்படுத்தப்படுவது குறைந்த வேகத்திலேயே கிடைக்கும் முறுக்குவிசையாகும். வலுவுயர்த்துவோர் கணினிக் கட்டளைகளை மாற்றி அதனை மேலும் பெருக்குகின்றனர். எனவே சாரதி எஞ்சினை வருத்தாமல் மெதுவாகச் சுழலவிட்டு, உயர் கியரில் மிதியை அழுத்தும் தருணமே கோலுக்குக் கொடிய தருணமாகின்றது. பொறி தட்டுமுன்னரே எரிபொருள் தானாகத் தீப்பற்றினால், இன்னும் மேலேறிக்கொண்டிருக்கும் முசலத்தின்மீது அமுக்கம் பன்மடங்காகிக் கோல் வளைகின்றது. பின்வந்த நேரடி எரிபொருட் பாய்ச்சல் எஞ்சின்களில் இத்தொல்லை பெருகியதனாலேயே, 2018இல் அமெரிக்காவில் எஞ்சின் எண்ணெய்க்கான புதிய தரவரையறை ஒன்று கொண்டுவரப்பட்டது.

வளைந்த கோல் உடனே முறிவதில்லை. இது உலோகச் சோர்வின் பிரச்சினையாகும். இதன் வரலாறு முதலாளித்துவத்தின் விரிவோடு பிணைந்தது. 1842 மே 8ஆம் திகதி வெர்சாய் புகையிரத விபத்தில் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் ஜேர்மானியப் பொறியியலாளர் அவுகுஸ்ற் வோலர், புகையிரத அச்சுகளில் நடத்திய நீண்ட சோதனைகள் மூலம், ஒருமுறை எளிதாகத் தாங்கப்படும் சுமை இலட்சக்கணக்கான தடவை மீளும்போது உருக்கை முறிக்கும் என நிறுவினார். முறிந்த முகத்தில், அலை விட்டுச்சென்ற மணல்வரிகளை ஒத்த கோடுகள் காணப்படின் அது நெடுநாட் சோர்வு. தண்டு வளைந்து நெளிந்து ஒரேயடியாகக் கிழிந்திருப்பின் அது மிகைச்சுமை. பெரிய முனை நீலம் பாய்ந்து கருகியிருப்பின் எண்ணெய் வற்றிப் பெயாரிங் எரிந்தது எனக் கொள்ளலாம். அனுபவமுள்ள தொழிலாளி இவற்றைக் கண்டமாத்திரத்தே கூறிவிடுவார். இழப்பீட்டுத் தகராறுகளிலோ அவரது சொல் பெரும்பாலும் ஏறுவதில்லை.

இனி, கோலின் பலத்தைத் தீர்மானித்தது எது? மேற்கூறிய எஞ்சின் 150 குதிரைவலு, 210 நியூட்டன்மீற்றர் முறுக்குவிசையுடனும் விற்கப்பட்டது. பெரிய ரேர்போவும் வேறு சில மாற்றங்களும் பெற்று 225 குதிரைவலு, 280 நியூட்டன்மீற்றருடன் கூடிய விலைக்கும் விற்கப்பட்டது. அடிப்படை வடிவம் ஒன்றே. ஒரே பண்டம் பல விலைகளில் படிநிலைப்படுத்தப்படும்போது, மலிந்ததை வாங்கியவர் தமக்குரிய ஏதோ ஒன்று மறைத்துவைக்கப்பட்டுள்ளது எனக் கருதுவது இயல்பே. வலுவுயர்த்தும் வணிகம் இவ்வுணர்விலேயே வேரூன்றியுள்ளது. ஆயின் அந்த மிகுதி சும்மா கிடந்த செல்வமன்று. தரங்குறைந்த பெற்றோல், கடுங்குளிர், இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓட்டம் ஆகியவற்றுக்கென வடிவமைப்பாளர் ஒதுக்கிய ஒதுக்கு அது. அதன் அளவையும் ஒரு கோலுக்குச் செலவாகும் உருக்கையும் உழைப்புநேரத்தையும் கணக்கிட்டே நிறுவனம் வரையறுக்கின்றது. 1990களில் பரவிய உற்பத்தி முறையொன்றில், முழுதாக வார்த்தடித்த கோலின் பெரிய முனை வேண்டுமென்றே பிளக்கப்பட்டு, அப்பிளவின் கரடுமுரடே ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டாக்கப்படுகின்றது. கடைசல் வேலை மிச்சமாகின்றது. பிறப்பிலேயே முறிக்கப்பட்ட கோல் என்று இதனைச் சொல்லத் தோன்றுகின்றது; பொறியியல் நோக்கில் இது சிறந்த உத்தி என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

பந்தய உலகில் இக்கணக்கு ஒளிவுமறைவின்றி நடைபெறும். 1983இல் நெல்சன் பிக்கே, பி.எம்.டபிள்யூ.வின் 1.5 லீற்றர் ரேர்போ எஞ்சின் பூட்டிய பிரபாம் வாகனத்தில் உலகப் பட்டம் வென்றார். அக்காலத் தகுதிச் சுற்றுகளுக்கென ஆக்கப்பட்ட எஞ்சின்கள் சில சுற்றுகளே நிலைத்தாற் போதுமானவை. அவற்றின் அழிவு செலவுக் கணக்கிலேயே இடம்பெற்றிருந்தது. வீதியில் ஓடும் வாகனத்துக்கு வலு விற்பனையாகின்றது. அழிவின் செலவோ விலைப்பட்டியலில் இடம்பெறுவதில்லை.

1.8 எஞ்சினின் தொழிற்சாலைக் கோல்கள் 400 நியூட்டன்மீற்றரை அண்மிக்கையில் வளையத் தொடங்கும் என்பது அதனைத் திருத்துவோரின் நெடுநாள் அனுபவம். 3000 சுழற்சிகளுக்குக் கீழே அமுக்கத்தை மட்டுப்படுத்துவதே மலிவான பாதுகாப்பு. உறுதிமிக்க உருக்குக் கோல்களை மாற்றிப் பூட்டலாம். அப்போது சுமை கிளச்சையும் உருளைத்தலையின் கஸ்கெற்றையும் நாடும். இரண்டாங்கையாக வாங்குவோரே உண்மையில் இடருக்குள்ளாகுபவர். முன்னைய உரிமையாளர் பழைய கட்டளைகளை மீள ஏற்றிவிட்டு விற்றிருப்பார். வளைந்த கோல் உள்ளேயே இருக்கும். நான்கு உருளைகளின் அமுக்கத்தையும் அளந்து, ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின், தீப்பொறிச் செருகியின் துவாரத்தூடாக அளவுமானியை இறக்கி முசலங்களின் உச்ச நிலைகளை ஒப்பிடுதல் வேண்டும். ஏனையவற்றைவிட அரை மில்லிமீற்றர் தாழ்ந்து நிற்கும் முசலத்தின் கீழ் வளைந்த கோல் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.