ஷிஃப்ட்டுக்குப் போற பைக்ல வேண்டாம் ப்ரோ! - ஒரகடத்திலிருந்து ஆஃப்ரோடு ரேஸுக்கு ஒரு ரூட்

சனிக்கிழமை மதியம், ஒரகடம் சந்திப்பு. முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. டீக்கடை வாசலில் ஐடி கார்டைக்கூடக் கழற்றாமல் நிற்கும் பையன்களில் பாதிப் பேர் ரீல்ஸில் மூழ்கியிருக்கிறார்கள். செல்போன் திரையில் ஒரு பைக் மண்மேட்டில் ஏறி, ஆளுயரத்துக்குப் பறந்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்குகிறது. 'நாமளும் ஓட்டலாம்டா' என்று யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ராயல் என்ஃபீல்டின் ஒரகடம் ஆலை 2013-ல் தொடங்கியது. வல்லம் வடகாலில் யமஹா 2015-ல் வந்தது, ராயல் என்ஃபீல்டின் அடுத்த ஆலை 2017-ல் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சியட் டயர் ஆலை இருக்கிறது. 2024-ல் தொடங்கிய இந்தியன் சூப்பர்கிராஸ் ரேஸிங் லீகின் முதல் சீசன், அந்த சியட் பெயரைத் தாங்கித்தான் நடந்தது. பைக்கையும் டயரையும் செய்து அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு அதை மண்ணில் ஓட்டிப் பார்க்க ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சர்யம். எங்கே, எதில், எப்படி என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஹைவேயும் வேண்டாம், ஏரியும் வேண்டாம்

2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி வீலிங் செய்யப்போய் விழுந்த பிரபல யூடியூபரை மறந்திருக்க மாட்டீர்கள். கைதாகி ஜெயிலுக்குப் போனார், டிரைவிங் லைசென்ஸும் 10 ஆண்டுகளுக்கு ரத்தானது. பொதுச்சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவுப்படி 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். மறுபடி சிக்கினால் சிறை ஓராண்டு வரையும், அபராதம் 10,000 ரூபாய் வரையும் போகும். ஓட்டியது 18 வயது ஆகாத பிள்ளை என்றால் கதையே வேறு. சிறார் செய்யும் வாகனக் குற்றத்துக்கு 199ஏ பிரிவுப்படி பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறைக்குப் போக நேரிடும், 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

'ஹைவேலதானே கூடாது, ஏரியில ஓட்டலாமே?' என்று அடுத்த யோசனை வரும். கோடையில் வற்றிக் கிடக்கும் ஏரி, பார்வைக்கு ரெடிமேட் டிராக் மாதிரியேதான் இருக்கும். ஆனால், அங்கே மாடு மேயும், ஆள் நடப்பார்கள். மண் அள்ளிய பள்ளம், பத்தடிக்கு முன்னால் வரும்வரை கண்ணில் படாது. விழுந்தால் கொடி காட்டிப் பின்னால் வருபவரை நிறுத்த ஆள் கிடையாது, ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லவும் ஆள் கிடையாது. காப்புக்காடு என்றால் வனத்துறை வழக்கும் சேர்ந்துகொள்ளும்.

முறையான டிராக்கிலேயே ஆபத்து இருக்கிறது என்பதை இந்த வட்டாரம் நன்றாக அறியும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் 1990-லிருந்து ரேஸ் நடக்கிறது. அதற்கு முன்பு சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்தது. இருங்காட்டுக்கோட்டையில் 2023 ஜனவரியில் மூத்த கார் பந்தய வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது பைக் வீரர் ஒருவரும் விபத்தில் உயிரிழந்தார்கள். டாக்டர், ஆம்புலன்ஸ், மார்ஷல் எல்லாம் தயாராக இருந்த இடத்திலேயே இந்த நிலை என்றால், ஏரிக்கரையில் என்ன இருக்கிறது?

முதலில் பைக் வாங்காதீர்கள்

ஆர்வம் வந்ததும் பலரும் ஷோரூமுக்கு ஓடுகிறார்கள். அதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள். டக்கார் ராலியில் முதன்முதலாகக் களமிறங்கிய இந்தியரான சி.எஸ்.சந்தோஷ், கர்நாடகாவின் கோலார் பக்கம் பிக் ராக் என்ற மண் ஓட்டப் பயிற்சிக் களத்தை அமைத்திருக்கிறார். ரீல்ஸ் எடுப்பதற்காகச் சிலர் சீறிப் பாயும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில், பஸ்ஸில் ஏறி நான்கைந்து மணி நேரம் ஒழுங்காகப் போனால் கோலார் வந்துவிடும். இப்படிப்பட்ட பயிற்சிப் பள்ளிகளில் பைக்கையும் பாதுகாப்புக் கவசங்களையும் வாடகைக்குத் தருவதுண்டு. போகும் முன் போன் செய்து, கட்டணத்தில் எதெல்லாம் அடக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வீக் எண்ட் ஓட்டிப் பார்த்தாலே இது நமக்கு ஒத்துவருமா, வராதா என்பது தெரிந்துவிடும். ஒத்துவராது என்று தெரிந்தால் ஒன்றரை லட்சம் மிச்சம்!

முதல் நாள் யாரும் உங்களைப் பறக்கவிட மாட்டார்கள். நிற்கத்தான் சொல்லித்தருவார்கள். ஃபுட்ரெஸ்ட்டின் மேல் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கை அணைத்துப் பிடித்து, முழங்கையை வெளிப்பக்கம் விரித்து ஓட்ட வேண்டும். சீட்டில் உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் இறங்கும். நின்றால் கால் மூட்டு இன்னொரு ஷாக் அப்சார்பராக வேலை செய்யும், கீழே பைக் தன்போக்கில் ஆடிக்கொள்ளும். கண் முன்சக்கரத்தைப் பார்க்கக் கூடாது, போகவேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கல்லையே பார்த்தால் பைக் நேராகக் கல்லுக்குத்தான் போகும்.

தார் ரோட்டில் பழகிய கைக்குக் கஷ்டமான பாடம் பிரேக்தான். மணலில் வளைந்துகொண்டே முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும், அடுத்த நொடி தரையில் கிடப்பீர்கள். முன்பிரேக்கே கூடாது என்று அர்த்தமில்லை. வளைவுக்கு முன்பே, பைக் நிமிர்ந்திருக்கும்போதே, ஒரு விரலால் மெதுவாக அழுத்தப் பழக வேண்டும். மணலில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைக் குறைப்பது இன்னொரு தப்பு. குறைத்ததும் எடை முன்னால் வந்து, முன்சக்கரம் மணலில் புதைந்துவிடும். பயமாக இருக்கும் இடத்தில் லேசாக முறுக்க வேண்டும் என்பதை மூளை ஒப்புக்கொள்ளவே சில நாள்கள் ஆகும்.

அப்புறம் விழுவது. கண்டிப்பாக விழுவீர்கள். சுமார் 160 கிலோ பைக்கை ஒரே நாளில் பத்து முறை தூக்கி நிறுத்திவிட்டு, ஞாயிறு இரவு அறைக்குத் திரும்பினால் மறுநாள் மாடிப்படி ஏறுவதே பெரிய பாடு!

எந்த பைக்?

இந்தியாவில் ஆரம்பகட்ட ஆஃப்ரோடு என்றதும் பலரும் கை காட்டுவது, 2019-ல் அறிமுகமான ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வகையைத்தான். 21 அங்குல முன்சக்கரம், 220 மி.மீ கிரவுண்ட் கிளியரன்ஸ், எடை 160 கிலோவுக்குள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, உள்ளூர்ப் பாசம் எவ்வளவு இருந்தாலும், 196 கிலோ. தூரப் பயணத்துக்கு அருமையான வண்டி. ஆனால், புதிதாகக் கற்றுக்கொள்பவர் சேற்றில் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டிய எடை அல்ல. எடை குறைந்த பழைய பைக்கில் தொடங்குவதில் எந்தக் கெளரவக் குறைச்சலும் இல்லை.

ரீல்ஸில் பறப்பவை பெரும்பாலும் முழுக்க ரேஸுக்கென்றே செய்யப்பட்ட டர்ட் பைக்குகள். ஹெட்லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் எதுவும் இருக்காது. ரோட்டில் ஓட்டவே முடியாது. டிராக் வரை குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். அந்த வாடகையையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைக்கைவிட முக்கியமானது உடம்பில் போடுவது. முழங்கால் வரை வரும் மோட்டோகிராஸ் பூட்ஸ், முட்டிக் கவசம், மார்பு - முதுகுக் கவசம், கிளவுஸ், தாடை நீண்ட ஹெல்மெட், கண்ணாடி. கையில் இருக்கும் காசுக்கு ஒன்றுதான் கிடைக்கும் என்றால், ஹெல்மெட்டுக்கு அடுத்து பூட்ஸ். பைக் சாயும்போது கால் அடியில் மாட்டும், கணுக்கால்தான் முதலில் அடிபடும். கம்பெனியில் தந்த சேஃப்டி ஷூ இதற்கு உதவாது. முன்பக்க இரும்பு விரலைக் காப்பாற்றும், கணுக்கால் திருகுவதைத் தடுக்காது.

எலும்பு உடைந்தால் சம்பளம்?

இந்த விளையாட்டில் அடிக்கடி உடைவது காறை எலும்பு. சேர ஆறு வாரமாவது ஆகும். நிரந்தர ஊழியருக்கு மெடிக்கல் லீவ் இருக்கும். கான்ட்ராக்ட்டிலோ அப்ரண்டிஸாகவோ இருப்பவருக்கு? வீட்டுக்கு அனுப்பும் பணம் நிற்கும், அறை வாடகை நிற்காது. 'எதுக்குடா இந்த வேலை?' என்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்பதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ பிடித்தம் ஆகிறது என்றால், நோய்க்கால உதவித்தொகையாக அன்றாடச் சம்பளத்தில் 70 சதவிகிதம், ஆண்டுக்கு 91 நாள்கள் வரை கிடைக்க வழி உண்டு. அதற்கு, அதற்கான ஆறு மாத சந்தா காலத்தில் 78 நாள்களாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். பிடித்தம் ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. பைக்கின் சாதாரண இன்ஷூரன்ஸ் ரேஸில் ஏற்படும் சேதத்துக்குப் பொருந்தாது. தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், சாகச விளையாட்டு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதனால்தான் ஷிஃப்ட்டுக்குப் போகும் பைக்கை மண்ணில் இறக்க வேண்டாம் என்பது. அது இ.எம்.ஐ-யில் ஓடும் வண்டி. ஃபோர்க் வளைந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போவது எதில்?

ரேஸ்னா எந்த ரேஸ்?

இயற்கையான மண்ணில், மூடிய சுற்றில் பலர் ஒன்றாகப் பாய்ந்தால் மோட்டோகிராஸ். அதையே மைதானத்துக்குள் செயற்கை மேடுகள் கட்டி நடத்தினால் சூப்பர்கிராஸ். ஒருவர்பின் ஒருவராகக் கிளம்பி, நேரத்தை அளந்து வெற்றியாளரை முடிவு செய்தால் ராலி. கிராமத்து மண்பாதையில் ஒரே நாளில் முடியும் குட்டி வடிவம் ராலி ஸ்பிரின்ட். புதியவருக்குக் கடைசியில் சொன்னது நல்ல வாசல். பக்கத்தில் யாரும் இடிக்க மாட்டார்கள், கடிகாரத்தோடு மட்டும்தான் போட்டி.

அதிகாரபூர்வப் போட்டியில் இறங்க, எஃப்.எம்.எஸ்.சி.ஐ என்ற இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தின் போட்டி லைசென்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று கேட்பார்கள், 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும். புதியவர்களுக்கு 'நோவிஸ்' என்று தனிப்பிரிவு பல போட்டிகளில் உண்டு. லைசென்ஸ் வாங்கும் முன்பே ஒரு போட்டிக்குச் சும்மா பார்வையாளராகப் போய், பேடாக்கில் மெக்கானிக்குகள் செய்வதைக் கவனித்துப் பாருங்கள். காலையில் டயர் காற்றைக் குறைப்பது, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் ஏர் ஃபில்ட்டரைக் கழற்றுவது, ஸ்போக்கைத் தட்டிப் பார்ப்பது... அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு இதெல்லாம் சீக்கிரம் பிடிபடும்.

நாலு சக்கரமும் உண்டு

ரிசார்ட்டுகளில் பார்த்திருப்பீர்களே, குண்டு டயர் மாட்டிய ஏடிவி, பைக்கைவிடப் பாதுகாப்பானது என்று தோன்றும். நான்கு சக்கரம் இருந்தாலும் வளைவில் உடம்பை உள்பக்கம் சாய்க்காவிட்டால் கவிழும், கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேலேயே விழும். ஆரம்பத்தில் ஹோண்டா 1970-ல் கொண்டுவந்தது மூன்று சக்கர வண்டி. விபத்துகள் அதிகமானதால் 1988-ல் அமெரிக்காவில் மூன்று சக்கர ஏடிவி விற்பனையே நின்றது. பெரியவர்களுக்கான ஏடிவி-யில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏற்றி ஓட்டவிடாதீர்கள், லீவுக்குப் போன இடத்தில் அவர்கள் எவ்வளவு அடம்பிடித்தாலும்.

இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில் தொடங்கிய பாஹா போட்டியின் இந்திய வடிவமான பாஹா எஸ்.ஏ.இ இந்தியா 2007-ல் தொடங்கியது. ஒற்றை இருக்கை கொண்ட மண்பாதை வண்டியை மாணவர்களே வடிவமைத்து, வெல்டிங் செய்து, ஓட்டியும் காட்ட வேண்டும். இறுதியில் நான்கு மணி நேர எண்டூரன்ஸ் ஓட்டம். 2015 முதல் மின்சார வண்டிகளுக்கும் தனிப்பிரிவு உண்டு. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி இத்தனை இன்ஜினீயரிங் காலேஜ்கள் இருக்கின்றன. உங்கள் காலேஜில் டீம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

லேட் ஆயிடுச்சா?

பெங்களூரின் ஐஸ்வர்யா பிஸ்ஸே பைக் ஓட்டத் தொடங்கியதே 18 வயதில்தான். 2018-ல் ஸ்பெயினில் நடந்த பாஹா போட்டியில் விழுந்து கணையம் கிழியும் அளவுக்கு அடிபட்டார். அடுத்த ஆண்டே பெண்கள் பிரிவில் எஃப்.ஐ.எம் பாஹா உலகக் கோப்பையை வென்றார். ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா, ஓசூரின் டி.வி.எஸ் கூட்டணி அணிக்காக ஓட்டி, 2024 டக்காரில் ராலி 2 பிரிவில் முதலிடம், ஒட்டுமொத்தத்தில் 11-வது இடம் பிடித்தார். 2015-ல் தன் முதல் டக்காரை 36-வது இடத்தில் முடித்த சந்தோஷ், 2021-ல் சவுதி பாலைவனத்தில் விழுந்து, டாக்டர்கள் செயற்கையாகக் கோமாவில் வைக்கவேண்டிய நிலைக்குப் போய் மீண்டார். அதற்கு முந்தைய ஆண்டு அதே டக்காரில், ஹீரோ அணியின் போர்ச்சுகல் வீரர் பாவ்லோ கொன்சால்வ்ஸ் விழுந்தார். அவர் மீளவில்லை.

ஒரகடத்திலிருந்து டக்கார் வரை எல்லோரும் போக வேண்டியதில்லை. இரண்டு மாத ஓவர்டைம் காசைச் சேர்த்துவைத்து, ஒரு வாரக் கடைசியைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். மே மாத வெயிலைத் தவிர்த்துவிடுங்கள், கவசத்துக்குள் வியர்த்து மயக்கமே வந்துவிடும். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பஸ் ஏறினால் ஞாயிறு முழுக்க மண்ணில்தான். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்கு செகண்ட் ஷிஃப்ட் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள், காலையில் எழுந்திருக்க முடியாது.