புள்ளலூர்: கல்வெட்டு நின்ற இடமும் கதை தொடங்கிய இடமும்

சரித்திர நாவலாசிரியருக்குக் கற்பனை எங்கிருந்து கிடைக்கிறது? காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கி.பி. 634-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐஹொளே கல்வெட்டு, இரண்டாம் புலிகேசியின் படைக்கு அஞ்சிப் பல்லவ மன்னன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. எட்டாம் நூற்றாண்டுக் காசாக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. சாளுக்கியரே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் வென்றது யார்? இரண்டும் அவரவர் மன்னர் குலத்தைப் புகழ எழுந்த சாசனங்கள் அல்லவா? வேறு சான்று கிடைக்கும்வரை ஆய்வாளர் இங்கே நின்றுவிட வேண்டும்.

நாவலாசிரியரோ இங்கிருந்துதான் புறப்படுகிறார். 1944-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய ‘சிவகாமியின் சபத’த்தில், புள்ளலூரில் தோற்பவன் கங்க மன்னன் துர்விநீதன், காஞ்சியை முற்றுகையிடுபவன் புலிகேசி. பெயரில்லாத பகைவனுக்குக் கல்கி ஒரு பெயர் கொடுத்தார். முரண்பட்ட இரு செய்திகளும் ஒரே கதையில் பொருந்திவிட்டன!

விஞ்ஞானியின் ஊகமும் இப்படித்தான் இடைவெளியை நிரப்புகிறது. ஆனால் அது சோதனைக்கு உட்பட வேண்டும். கதைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மகேந்திரவர்மன் வாழ்ந்த மன்னன். சிவகாமி கற்பனைப் பெண். நாவலைச் சுவைத்துப் படிப்போம். சரித்திரத்தைச் சாசனங்களில் தேடுவோம்.