பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது?

மாணவர்களே, நண்பகல் வெயிலில் வியர்த்தபடி வந்து, ஐந்தே நிமிடத்தில் பனிக்கட்டியின் மேல் நிற்க முடியுமா? நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் முடியும். பண்டார் சன்வேயில் உள்ள சன்வே பிரமிட் பேரங்காடியில் 1997 முதல் பனிச்சறுக்குத் தளம் இருக்கிறது. புத்ராஜெயா அருகில் ஐஓஐ சிட்டி மாலிலும் ஒன்று உண்டு. 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்ற ஜூலியன் யீ, சிறுவயதில் பழகியது இப்படிப்பட்ட பேரங்காடித் தளத்தில்தான்.

சன்வேக்குப் போவது எளிது. பிரிக்பீல்ட்ஸ் மாணவர்கள் கேஎல் சென்ட்ரலிலும், கிள்ளான் மாணவர்கள் கிள்ளான் நிலையத்திலும் கொமுட்டர் ரயில் ஏறலாம். இரண்டும் ஒரே தடம்தான். செத்தியா ஜெயாவில் இறங்கி, பிஆர்டி மின்பேருந்தில் சன்வே லகூன் நிலையம் வரை செல்லுங்கள்.

நம் வெயிலில் பனித்தளம் எப்படி உருகாமல் இருக்கிறது? தரைக்கு அடியில் குழாய்கள் வரிசையாக ஓடுகின்றன. பூச்சியத்துக்குக் கீழே குளிரூட்டப்பட்ட, ஆனால் உறையாத திரவம் அவற்றில் சுற்றி வந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. மேலே சில சென்டிமீட்டர் தடிமனுக்குத்தான் பனிக்கட்டி. அதன் வெப்பநிலை பொதுவாக −5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்தப் பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது?

"காலணியின் கத்தி போன்ற தகடு அழுத்துவதால் பனி உருகி நீராகிறது" என்று பல நூல்கள் சொல்கின்றன. நாமே கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் நிறை 50 கிலோகிராம் என்றால், எடை ஏறக்குறைய 500 நியூட்டன். ஒரு காலில் நிற்கும்போது தகடு பனியைத் தொடும் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 25 மடங்கு வரும். ஆனால், பனியின் உருகுநிலையை 1 டிகிரி குறைக்கவே சுமார் 130 மடங்கு அழுத்தம் தேவை. ஆகவே நம் எடையால் குறைவது 0.2 டிகிரி மட்டுமே. −5 டிகிரி பனி இதனால் உருகாது! மேலும், தட்டையான சப்பாத்து அணிந்தவரும் பனியில் வழுக்கி விழுகிறாரே?

உண்மையான காரணங்கள் வேறு. பனிக்கட்டியின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்கு மேலே பிடித்துக்கொள்ள அண்டை மூலக்கூறுகள் இல்லை. எனவே அவை உள்ளே இருப்பவற்றைவிடத் தளர்வாக, கிட்டத்தட்ட நீர்போல அசைகின்றன. சறுக்கும்போது உராய்வால் எழும் வெப்பம் இந்த மெல்லிய படலத்தைப் பெருக்குகிறது.

1850-இல் மைக்கேல் பாரடே இந்தப் படலத்தைப் பற்றிப் பேசினார். அவரது சோதனையை வீட்டிலேயே செய்யலாம். இரண்டு ஐஸ் கட்டிகளை வெளியே எடுத்து, மேற்பரப்பு சற்று ஈரமானதும், அழுத்தாமல் ஒன்றையொன்று தொட வையுங்கள். சிறிது நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் சிக்கிய படலம் இருபுறமும் பனி சூழ்ந்ததால் உறைந்துவிடுகிறது.

தளத்தில் இறங்குமுன் நீண்ட காலுறை, முழுக்கால்சட்டை, கையுறை அணியுங்கள். கணுக்கால் ஆடாதபடி காலணியின் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். முழங்காலை மடக்கி நின்றால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து நிலைப்புத்தன்மை கூடும். நடப்பதுபோல் நேராகப் பின்னுக்கு உதைக்காதீர்கள், தகடு வழுக்கும். பாதத்தைச் சற்று வெளிப்புறம் திருப்பிப் பக்கவாட்டில் தள்ளுங்கள். தகட்டின் விளிம்பு பனியைப் பற்றிக்கொள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி பனி உங்களை முன்னே தள்ளும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சாய்ந்து விழுங்கள். உடனே விரல்களை மடக்கிக்கொண்டு எழுந்துவிடுங்கள். பின்னால் மற்றவர்கள் வருவார்கள்.

அச்சில் இருப்பதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது, மாணவர்களே. கணக்குப் போட்டுப் பாருங்கள்; பிறகு சறுக்கிப் பாருங்கள்.