போடி மேற்கு மலையும் அண்டார்க்டிக் நெறிமுறையும்: சூழல் அனுமதியில் கழிவுப் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

அண்டார்க்டிகாவில் அறிவியல் பணி மேற்கொள்வோர் எதைக் கொண்டுவருகின்றனர், எதை விட்டுச்செல்கின்றனர், எதைத் திரும்ப எடுத்துச்செல்கின்றனர் என்பதைத் தொடங்குமுன்பே எழுத்தில் கூறவேண்டும். இந்தியா ஏற்றுக்கொண்ட இந்நடைமுறையை அளவுகோலாகக் கொண்டு, தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் அருகே திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் சூழல் அனுமதி வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. திட்டம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற வினா முதன்மை பெற்றதால், மலையில் என்ன எஞ்சும் என்ற வினா பின்தள்ளப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: சூழல் அனுமதி, கழிவு மேலாண்மை, மாட்ரிட் நெறிமுறை, நியூட்ரினோ, போடி மேற்கு மலை, மதிகெட்டான் சோலை.

முன்னுரை

நியூட்ரினோ மின்னூட்டமற்ற, மிக நுண்ணிய அடிப்படைத் துகள். எப்பொருளையும் எளிதில் ஊடுருவிச் செல்வதால், அதனைக் கண்டறியும் கருவியை விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களிடமிருந்து மறைத்துவைக்க வேண்டியுள்ளது. இம்மறைப்பினை இயற்கையே தரும் இடங்களை அறிவியலாளர் நாடுகின்றனர். தென்முனையில் அது பனிப்பாளம். போடி மேற்கு மலையில் அது சார்னோகைட் பாறை. இவ்விரு இடங்களும் சட்டத்தின் காவலுக்கு உட்பட்ட இயற்கைப் பரப்புகள், அல்லது அவற்றை ஒட்டியவை. எனவே இரண்டு இடங்களிலும் அனுமதி எவ்வாறு வழங்கப்படுகிறது என்பதை ஒருங்கே வைத்து நோக்குவது பொருத்தமுடையதாகும்.

அண்டார்க்டிகாவில் அனுமதி

அண்டார்க்டிக் உடன்படிக்கையின் சூழல் பாதுகாப்பு நெறிமுறை 1991 அக்டோபர் 4 அன்று மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி, 1998 ஜனவரி 14 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்நெறிமுறை ஒவ்வொரு செயலையும் அதன் தாக்கத்தின் அளவைக் கொண்டு தரம் பிரிக்கிறது. சிறிதளவான அல்லது தற்காலிகமான தாக்கத்தினும் குறைவாக அமையும் செயல் உடனே தொடங்கலாம். அவ்வளவிற்கு மிகாத தாக்கம் எதிர்பார்க்கப்பட்டால் தொடக்கநிலை மதிப்பீடு வேண்டும். அதனை விஞ்சுமாயின் முழுமையான மதிப்பீடு வேண்டும்.

முழுமையான மதிப்பீட்டின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, உடன்படிக்கை நாடுகள் அனைத்திற்கும் அனுப்பப்படும். கருத்துரைக்க 90 நாள் அவகாசம் உண்டு. அவ்வறிக்கையில் மாற்றுவழிகளைக் கூறவேண்டும். செயலைக் கைவிடுவதும் அம்மாற்றுவழிகளுள் ஒன்றாக ஆராயப்பட வேண்டும். தவிர்க்க இயலாத தாக்கங்களையும், அறிவில் உள்ள இடைவெளிகளையும் மறைக்காமல் குறிப்பிடவேண்டும். லார்ஸ்மன் குன்றுப்பகுதியில் 2012இல் செயற்படத் தொடங்கிய பாரதி நிலையத்திற்காக இந்தியாவும் இவ்வகை அறிக்கையைத் தயாரித்துப் பிற நாடுகளின் ஆய்வுக்கு முன்வைத்தது.

கழிவு குறித்த விதிகள்

நெறிமுறையின் மூன்றாம் இணைப்பு கழிவைப் பற்றியது. கழிவுநீர், எரிபொருள் உள்ளிட்ட பிற திரவங்கள், எரிக்கத்தக்க திடப்பொருள், ஏனைய திடப்பொருள், கதிரியக்கப் பொருள் எனக் கழிவு ஐந்தாகப் பகுக்கப்படுகிறது. மின்கலங்கள், எரிபொருள், கன உலோகம் மிக்க கழிவுகள் முதலியவற்றை உருவாக்கியவரே அக்கண்டத்திலிருந்து அகற்றவேண்டும். பனியற்ற நிலத்திலும் நன்னீர் நிலைகளிலும் கழிவு கொட்டலாகாது. கைவிடப்பட்ட பணியிடங்களைத் தூய்மைசெய்யும் கடமையும் உரியவரையே சாரும். அகற்றுவதால் கூடுதல் கேடு விளையுமாயின் விலக்கு உண்டு.

இக்கடமைகளுக்கு உள்நாட்டுச் சட்ட வடிவம் தரும் வகையில் நாடாளுமன்றம் 2022இல் இந்திய அண்டார்க்டிகச் சட்டத்தை இயற்றியது. இந்தியப் பயணக்குழுக்களுக்கான அனுமதி முறையையும், கழிவு குறித்த கடமைகளையும், மீறுவோருக்கான தண்டனையையும் அது வகுத்துள்ளது.

தென்முனையில் ஒரு நியூட்ரினோக் கருவி

மேற்கண்ட விதிகள் அறிவியலைத் தடுத்துவிடவில்லை. தென்முனையில் அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்காட் நிலையத்திற்கருகே ஐஸ்கியூப் என்னும் நியூட்ரினோக் கருவி 2010 டிசம்பரில் நிறைவுற்றது. வெந்நீரால் பனியைத் துளைத்து 86 துளைகள் இடப்பட்டன. அவற்றில் 1,450 மீட்டர் முதல் 2,450 மீட்டர் வரையிலான ஆழத்தில் 5,160 ஒளியுணரிகள் இறக்கப்பட்டன. துளைநீர் மீண்டும் உறைந்ததால் அவை பனியிலேயே நிலைத்துவிட்டன.

அண்டார்க்டிகாவில் எப்பொருளும் எஞ்சாது என்பது இதனால் பொருளன்று. எஞ்சுவது எது, ஏன் எஞ்சுகிறது என்பதைப் பணி தொடங்குமுன் பிறர் ஆய்வுக்கு உட்படுத்தவேண்டும் என்பதே அங்குள்ள நெறி. அனுமதி என்பது எஞ்சும் பொருளுக்கான பொறுப்பேற்பு எனலாம்.

போடி மலையில் அனுமதியின் பாதை

இந்திய நியூட்ரினோ ஆய்வகத்திற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் அண்மை கருதி 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கு இசையவில்லை. பின்னர்த் தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் ஊரையொட்டிய போடி மேற்கு மலை தெரிவுசெய்யப்பட்டது. 2010இல் மக்கள் கருத்துக் கேட்பும், 2011இல் அமைச்சகத்தின் சூழல் அனுமதியும் நிகழ்ந்தன. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது.

பூவுலகின் நண்பர்கள் அமைப்பு தொடுத்த வழக்கில், 2017 மார்ச் 20 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அவ்வனுமதியை நிறுத்திவைத்தது. கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. காப்பிடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அமைவதால் இத்திட்டம் ‘அ’ வகையைச் சேரும் என்பது அமர்வின் முடிவு. ஏலமலைக் காடுகளின் எச்சமான இப்பூங்கா 2003இல் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்.

2018 மார்ச்சில் அமைச்சகம் மீண்டும் அனுமதி வழங்கியது. இம்முறை 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 8(அ) என்னும் கட்டுமானத் திட்டப் பிரிவின்கீழ், தனி நேர்வாக இத்திட்டம் பரிசீலிக்கப்பட்டது. குடியிருப்பு வளாகம், வணிக வளாகம் போன்றவற்றுக்குரிய பிரிவு இது. இப்பிரிவிலுள்ள திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பு விதிப்படி கட்டாயமன்று. 2018 நவம்பர் 2 அன்று தீர்ப்பாயம் இவ்வனுமதியை நீக்க மறுத்தது. எனினும் தேசியக் காட்டுயிர் வாரியத்தின் இசைவு பெறப்பட வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடம், நீர்ப்பிடிப்புப் பகுதி ஆகியவற்றைச் சுட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க விரும்பவில்லை என அந்நீதிமன்றத்தில் தெரிவித்தது.

மேற்கண்ட வரலாற்றில் அனுமதியின் தலைவிதி இரண்டு வினாக்களில் அடங்கியிருந்தது: தொலைவு எவ்வளவு? பிரிவு எது? 4.9 என்பது 5.1 ஆக இருந்திருப்பின் வழக்கின் போக்கே மாறியிருக்கலாம். ஆனால் மலையிலிருந்து வெளிவரும் பொருளின் அளவு ஒரு சிறிதும் மாறியிராது.

எஞ்சுவது எது?

திட்ட விவரப்படி ஆய்வகத்தின் முதன்மைக் குகை 132 மீட்டர் நீளமும் 26 மீட்டர் அகலமும் 20 மீட்டர் உயரமும் உடையது. அதனை அடையும் சுரங்கப்பாதை 1,900 மீட்டர் நீளமும் 7.5 மீட்டர் அகலமும் கொண்டது. குகையின் கொள்ளளவு மட்டும் 68,640 கனமீட்டர். சுரங்கத்தின் உயரத்தையும் அகலத்தின் அளவே எனக் கொண்டால் மேலும் ஏறத்தாழ 1,06,900 கனமீட்டர் சேரும். கனமீட்டருக்கு 2.7 டன் எனக் கணக்கிட்டால், துணைக்குகைகள் நீங்கலாகவே, பாறையின் எடை நாலே முக்கால் இலட்சம் டன்னை நெருங்கும்.

உடைந்த பாறை முன்னைவிட மிகுந்த இடத்தை அடைக்கும். ஒன்றரை மடங்காகப் பெருகும் எனக் கொண்டு, மூன்று மீட்டர் உயரத்திற்குப் பரப்பினால், ஏறத்தாழ 22 ஏக்கர் நிலம் தேவைப்படும். சார்னோகைட் பயனற்ற பொருளன்று; ஜல்லியாகவும் கட்டுமானக் கல்லாகவும் விற்பனையாகும். ஆயினும் அவ்வாறு விற்றால் கழிவு வினா மறைவதில்லை. லாரிப் போக்குவரத்து, பாறைத்தூசி, கிடங்கு என வேறு வடிவம் கொள்கிறது. மலைச்சரிவில் குவிக்கப்படும் பாறைத்துகள் பருவமழையில் ஓடைகளில் இறங்கும். போடிப் பகுதியின் கொட்டகுடி ஆறு வைகையில் கலப்பது என்பதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

கருவியின் உள்ளே பயன்படும் பொருள்களும் கருதத்தக்கவை. 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டப்பட்ட இரும்பு அடுக்குகளின் இடையே கண்ணாடியாலான உணர்கலங்கள் வைக்கப்படும். இவற்றுள் செலுத்தப்படும் வாயுக்கலவையில் பெரும்பங்கு ஆர்-134ஏ எனப்படும் குளிரூட்டி வாயு. சிறு அளவில் ஐசோபியூட்டேனும் மிகச் சிறு அளவில் சல்பர் ஹெக்சாபுளோரைடும் உண்டு. நூறாண்டுக் கணக்கில், இறுதியாகக் கூறியது கார்பன் டை ஆக்சைடைவிட இருபதாயிரம் மடங்குக்கு மேல் புவியை வெப்பப்படுத்தும் ஆற்றலுடையது. மூடிய சுழற்சியில் வாயுவை மீண்டும் பயன்படுத்துவது இழப்பைக் குறைக்கும். எனினும் ஆண்டுக் கசிவு எவ்வளவு, கருவி ஓய்வுபெறும்போது வாயுவையும் இரும்பையும் அகற்றுபவர் யார் என்பன அனுமதியிலேயே இடம்பெற வேண்டியவை.

ஒப்பீட்டின் எல்லை

அண்டார்க்டிகாவில் நிலையான குடிமக்கள் இல்லை. ஆகவே அங்குப் பிற நாடுகளே கேள்வி எழுப்புகின்றன. போடிச் சரிவில் நிலை வேறு. மேலே ஏலத்தோட்டத் தொழிலாளரும், அடிவாரத்தில் மானாவாரி விவசாயிகளும், கால்நடை மேய்ப்போரும் வாழ்கின்றனர். எனவே அண்டார்க்டிக் விதிகளை அப்படியே இங்கு நடுவது தீர்வாகாது. அங்கு அயல்நாடுகளுக்கு உள்ள 90 நாள் உரிமை, இங்கு ஊராருக்கு உரியதாகவேண்டும் என்பதே ஒப்பீடு தரும் பாடம். இம்மலை இரு மாநிலங்களின் எல்லையில் நிற்பதால், கேரளத்துக் காட்டுக்காகப் பேசும் உரிமையும் அதில் அடங்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, காவலுக்குட்பட்ட நிலத்திலோ அதன் அருகிலோ நிகழும் அறிவியல் பணியைத் தொலைவாலும் பிரிவாலும் மட்டுமன்றி, தாக்கத்தின் அளவாலும் தரம் பிரிக்கவேண்டும். இரண்டு, வெளியேறும் பொருள், எஞ்சும் பொருள், திரும்ப எடுக்கும் பொருள் ஆகியவற்றின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் பெயரும் அனுமதியின் பகுதியாகவேண்டும். மூன்று, திட்டத்தைக் கைவிடும் மாற்றுவழியும் அறிக்கையில் நேர்மையாக ஆராயப்பட வேண்டும்.

இவை நியூட்ரினோ ஆய்வுக்கு எதிரான கருத்துகள் அல்ல. பாரதி நிலையத்திற்காகப் பிற நாடுகளின் வினாக்களுக்கு விடையளிக்க இந்தியா தயங்கவில்லை. 69ஆம் தென் அகலாங்கில் இயன்றது, பொட்டிப்புரத்து உழவர்முன் இயலாதது அன்று.