மோடம் வாய் திறந்த கதை

மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்புத் துறை



"கவிதை நிறைய வந்திருச்சு, நீ ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா" என்று மலர்க் குழுவில் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த டெக்னிக்கல் விஷயம் ஒன்றுதான். ஒரு டப்பா லேப்டாப்பில் இருந்த டயல்-அப் மோடத்தை லினக்ஸில் பேச வைத்தது. மூன்று வாரம் ஆனது. அதையே எழுதுகிறேன்.

எங்க அப்பா சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ப் பழைய பேப்பர், இரும்பு எடுக்கிறவர். போன வருஷம் ஒரு வீட்டைக் காலி செய்தபோது 2004 வாக்கில் வந்த லேப்டாப் ஒன்றும், பின்னால் சீரியல் போர்ட் வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றும் அவருக்குக் கிடைத்தன. பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எக்ஸ்டர்னல் மோடம்! லேப்டாப்பின் ஓரத்திலும் டெலிபோன் வயர் மாட்டுகிற ஓட்டை இருந்தது. "உடைக்காதப்பா, ரெண்டையும் பேச வைக்கலாம்" என்றேன். "மூணு வாரம் வச்சுக்க. ஓடலைன்னா எடைக்குத்தான்" என்றார். வீட்டில் முதல் ஆளாகப் படிக்கிற பையன் சொல்லிவிட்டு முடியாமல் போனால் மானம் போகும். துறைக் கண்காட்சியும் வந்துகொண்டிருந்தது.

மோடம் என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். டெலிபோன் லைன் மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் ஒழுங்காகப் போகும். கம்ப்யூட்டரின் ஒன்றையும் சைபரையும் அந்த இடுக்குக்குள் போகிற சத்தமாக மாற்றுவது மாடுலேஷன், எதிர்முனையில் அந்தச் சத்தத்தைப் பழையபடி பிட்டுகளாக்குவது டிமாடுலேஷன். இரண்டும் சேர்ந்து மோடம். கனெக்ட் ஆகும்போது அது கிய்ய்யெனக் கத்துமே, அந்த நேரத்தில் இரண்டு மோடங்களும் லைன் எப்படி இருக்கிறது, எந்த வேகம் தாங்கும் என்று பேசி முடிவு செய்கின்றன.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்ததே இந்தச் சத்தத்தோடுதான். வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று ஆரம்பித்தது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்றுதான் நிறுத்தியது. செத்துப் போன சரக்குக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். மேலே படியுங்கள்.

எக்ஸ்டர்னல் மோடம் தங்கமான பிள்ளை. லேபில் சீரியல் போர்ட் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்றில் மாட்டினேன். விண்டோஸில் காம்-1 என்பதை லினக்ஸ் டி.டி.ஒய்.எஸ்-0 என்று சொல்லும், எண்ணிக்கை சைபரில் ஆரம்பிக்கும். மினிகாம் புரோகிராமைத் திறந்தால் 'பெர்மிஷன் இல்லை' என்றது. 'டயல்அவுட்' என்ற குரூப்பில் நம் யூசர் பெயரைச் சேர்த்து, ஒருமுறை வெளியே போய் மறுபடி உள்ளே வரவேண்டும். வெளியே போகாமல் அரை நாள் முழித்தது என் கெட்ட நேரம். அப்புறம் 'ஏ.டி.' என்று அடித்து என்டர் தட்டினேன். 'ஓகே' என்றது. அவ்வளவுதான், டிரைவரே வேண்டாம்! ஏன் தெரியுமா? ஹேய்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1981-ல் தன் ஸ்மார்ட்மோடத்தில் வைத்த ஏ.டி. கட்டளைகளை மற்ற கம்பெனிகளும் அப்படியே எடுத்துக்கொண்டன. கட்டளைகள் ஊரறிந்தவை. வேலை செய்கிற சிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதனால் லினக்ஸ் மட்டுமல்ல, சீரியல் போர்ட் உள்ள எதுவும் அதோடு பேசலாம்.

லேப்டாப் கதை வேறு. டெபியன் 12 போட்டேன். 32 பிட் மெஷினுக்கு இன்ஸ்டாலர் வந்த கடைசி டெபியன் அது, 2025 ஆகஸ்டில் வந்த 13-ல் அது இல்லை. மினிகாமில் எந்தப் போர்ட்டைக் கொடுத்தாலும் பதில் கிடையாது. எல்.எஸ்.பி.சி.ஐ. கட்டளை கொடுத்துப் பார்த்தால் 'இன்டெல் ஏசி-97 மோடம் கன்ட்ரோலர்' என்று ஒரு வரி மட்டும் வந்தது. இருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை.

காரணத்தைக் கல்யாண வீட்டை வைத்துச் சொல்கிறேன். எக்ஸ்டர்னல் மோடம் என்பது சமையல் கான்ட்ராக்ட் மாதிரி. நூறு இலை என்றால் நூறு இலைக்குச் சாப்பாடு வந்துவிடும். லேப்டாப்பில் இருப்பது வாடகைப் பாத்திரமும் அடுப்பும் மட்டும். சமைக்கிற ஆள் நம்ம சிபியு. சமையல் குறிப்பு? அது விண்டோஸ் டிரைவர் பைலுக்குள். இதற்கு வின்மோடம் அல்லது சாப்ட்மோடம் என்று பெயர். சிக்னல் பிராசசிங் செய்யும் சிப்பை எடுத்துவிட்டால் விலை குறையும், அதனால் 1990-களின் பிற்பகுதியில் இதுவே பெருகியது. குறிப்பை வெளியே சொல்லாததால் லினக்ஸ்காரர்கள் தவித்தார்கள். லினக்ஸுக்கு டிரைவர் கொடுத்தவர்களும் முழுசாகக் கொடுக்கவில்லை. கோனெக்சன்ட் சிப்புகளுக்கு லினக்சன்ட் என்ற கம்பெனி டிரைவர் கொடுத்தது. இலவசப் பதிப்பில் வேகம் 14.4 கிலோபிட்டோடு சரி, மீதி வேண்டுமென்றால் காசு.

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஏசி-97 என்பது ஆடியோவுக்கான ஏற்பாடும்கூட. அப்படியென்றால் இந்த மோடம் வேஷம் போட்ட ஒரு சவுண்ட் கார்டு! சத்தத்தை எண்ணாக்கும், எண்ணைச் சத்தமாக்கும், வேறொன்றும் தெரியாது. லினக்ஸின் சவுண்ட் பகுதியான அல்சாவில் இதற்கென்றே 'எஸ்.என்.டி. இன்டெல்-8எக்ஸ்0எம்' என்று ஒரு டிரைவர், கெர்னலோடு சேர்ந்தே வருகிறது. அது ஓப்பன் சோர்ஸ். மேலே உட்கார்ந்து மாடுலேஷன் கணக்கைப் போடுவதற்கு ஸ்மார்ட்லிங்க் கம்பெனியின் 'எஸ்.எல்.மோடம்டி' என்ற புரோகிராம். அதன் நடுப்பகுதி மட்டும் சோர்ஸ் இல்லாத மூடின பைல்.

கம்பைல் செய்ததில் ஒரு வாரம் போச்சு. பழைய சோர்ஸ் என்பதால் இன்றைய கம்பைலர் அங்கங்கே கோபித்துக்கொண்டது, திருத்தினேன். ஒருவழியாக ஓடியபோது 'எஸ்.எல்.ஏ.எம்.ஆர்-0 என்ற டிவைஸைத் திறக்க முடியவில்லை' என்று நின்றது. இரண்டு நாள் அந்த டிவைஸைத் தேடினேன். அப்படி ஒன்று எனக்குத் தேவையே இல்லை! மேக் கட்டளையோடு 'சப்போர்ட் அல்சா = 1' என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தன் சொந்தப் பழைய கெர்னல் டிரைவரைத்தான் தேடும். ரீட்மீ பைலில் தெளிவாகப் போட்டிருக்கிறது. படிக்காதது யார் குற்றம்? அல்சாவின் வளர்ச்சிப் பைல்களையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி கம்பைல் செய்து, அல்சா கார்டு நம்பரைக் கொடுத்து ரூட்டாக ஓட்டினேன். 'டி.டி.ஒய்.எஸ்.எல்-0 என்பதை மோடமாகப் பயன்படுத்தவும்' என்று ஒரு வரி. மினிகாமில் அந்தப் பெயரைக் கொடுத்து 'ஏ.டி.' அடித்தேன். 'ஓகே'.

ராத்திரி பதினொன்றரை மணி. அப்பாவை எழுப்பிக் காட்டினேன். ரெண்டு இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கா?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கெர்னலுக்குள்ளேயே மூடின பைலோடு போய் உட்கார்ந்த சாப்ட்மோடம் டிரைவர்கள் எத்தனையோ 2.4, 2.6 கெர்னல் காலத்தோடு நின்றுவிட்டன. கெர்னலின் உள் அமைப்பு வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், சோர்ஸ் இல்லாவிட்டால் யாரும் தொட்டுத் திருத்த முடியாது. என் மோடம் பிழைத்ததற்குக் காரணம், கெர்னலோடு ஒட்டுகிற பாதி திறந்து கிடந்தது. முகம் தெரியாத யாரோ அதை இருபது வருஷம் கவனித்துக்கொண்டார்கள். மூடின பாதி சாதாரணப் புரோகிராமாக வெளியே நின்றுகொண்டது. அதையும் 32 பிட்டுக்கு மட்டுமே செய்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டுக்குச் சாவி யாரிடமும் இல்லை.

கண்காட்சிக்கு லைன் வேண்டுமே! கல்லூரி இன்டர்காமில் இரண்டு எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கினோம். (ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் இன்டர்காம் லைனில் மோடத்தைச் செருகினால் மோடம் கருகிப்போகலாம். சாதா அனலாக் போன் வேலை செய்கிற லைனா என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.) லேப்டாப்பிலிருந்து டயல் செய்தால் 'நோ டயல்டோன்'. காதில் வைத்தால் டோன் கேட்கிறது, மோடத்துக்குக் கேட்கவில்லை! அமெரிக்க டயல்டோன் 350-ம் 440-ம் ஹெர்ட்ஸ் கலந்தது, நம் ஊர் டோன் 400 ஹெர்ட்ஸை ஒட்டியது, இன்டர்காம் பெட்டியோ தன் இஷ்டத்துக்கு ஒன்று கொடுக்கும். தனக்குத் தெரிந்த டோன் வரும்வரை மோடம் டயல் செய்யாது. 'ஏ.டி.எக்ஸ்-3' என்று ஒரு கட்டளை கொடுத்தால் டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய்யும், எங்கேஜ்டு டோன் வந்தால் மட்டும் சொல்லும்.

அடுத்த அறையில் கறுப்புப் பெட்டி 'ரிங்' என்றது. நண்பன் 'ஏ.டி.ஏ.' அடித்தான். கத்தல், கரகரப்பு, பிறகு அமைதி. 'கனெக்ட் 31200'. அவன் அங்கே "டேய்" என்று தட்டினான், இங்கே வந்து விழுந்தது. இசட்மோடம் முறையில் 120 கிலோபைட் போட்டோ ஒன்றை அனுப்பினோம், அரை நிமிஷத்துக்கு மேல் ஆனது. "பெட்டியில 56கே-னு போட்டிருக்கே?" என்று முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் மடக்கினான். நல்ல கேள்வி. 1998-ல் வந்த வி.90 முறையில், இன்டர்நெட் கம்பெனி பக்கம் நேராக டிஜிட்டல் லைனில் இருந்தால்தான் 56கே, அதுவும் இறங்குகிற திசையில் மட்டும். இரண்டு பக்கமும் அனலாக் மோடம் என்றால் உச்சம் 33.6.

அப்பாவும் வந்திருந்தார், வேலைக்குப் போகிற சட்டையோடு. அதே லைனில் மாட்டியிருந்த போனை எடுத்துக் காதில் வைத்தார். கத்தலைக் கேட்டுப் பதறி வைத்துவிட்டார். லைன் கட்! கூட்டமே சிரித்தது, அவரும்தான். "அந்தச் சத்தத்துல எழுத்து போகுதா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன். நான் படிப்பதைப் பற்றி அவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

இப்போது மோடம் கிடைத்தால் எடைக்குப் போடாமல் தனியாக எடுத்து வைக்கிறார். நான்கு சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்றுக்கு அடாப்டர் இல்லை. 9 வோல்ட் ஏ.சி. அடாப்டர் வேண்டும், டி.சி. அல்ல. யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், அப்பாவே வந்து வாங்கிக்கொள்வார்.