பிடியா, காவலா? கபடியும் அமெரிக்கக் கால்பந்தும் போடும் தடுப்பாட்டக் கணக்கு

திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி வட்டாரங்களிலும், சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும், பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டி நடக்கும் மின்னொளி கபடிப் போட்டிகளில் ஆரவாரம் பெரும்பாலும் பாடிச் செல்பவருக்கே போய்ச் சேருகிறது. ஆயினும் அந்தப் பாட்டு எத்தனை புள்ளியில் முடியும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது, எதிர்ப்புறம் நிற்கும் எழுவர் எங்கே நின்றார்கள், அவர்களுள் எத்தனை பேர் பிடிக்கப் பாய்ந்தார்கள், எத்தனை பேர் பாயாமல் வழியடைத்து நின்றார்கள் என்பதுதான். பதினொருவர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டப் பயிற்சியாளர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வகுக்கும் திட்டங்களும் இதே கேள்விக்கு எழுதப்பட்ட விடைகளே. நெருக்குவதற்கு அனுப்பப்படும் ஒவ்வொருவரும் காவலிலிருந்து குறைகிறார். அந்தக் குறைவை எந்த இடத்தில் தாங்கிக்கொள்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வதற்குப் பெயர்தான் தடுப்பாட்டத் திட்டம்.

எழுவர் நிற்கும் முறை

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. பெண்களுக்கு அது 12 மீட்டரும் 8 மீட்டருமாகச் சுருங்குகிறது. ஆண்கள் களத்தில் ஒவ்வோர் அணிக்கும் நடுக்கோட்டிலிருந்து 6.5 மீட்டர் ஆழமுள்ள பகுதி உரியது, அதில் 3.75 மீட்டர் தொலைவில் உள்ள பாக் கோட்டைப் பாடிச் செல்பவர் யாரையும் தொடாமல் திரும்புவதானால் கட்டாயம் கடந்தாக வேண்டும், அதற்கும் ஒரு மீட்டர் அப்பால் போனஸ் கோடு இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு மீட்டர் அகலமுள்ள லாபி எனப்படும் பட்டைகள், பாடுபவருக்கும் தடுப்பவருக்கும் இடையே தொடுதல் நிகழும்வரை களத்துக்கு வெளியே உள்ளவையாகவே கருதப்படுகின்றன.

இந்தப் பரப்பில் எழுவர் நிற்கும் பழகிய அமைப்பு 2-3-2 எனப்படுவது. இரு ஓரங்களிலும் பின்னே தங்குபவர்கள் கார்னர்கள். அவர்களோடு கைகோத்து நிற்பவர்கள் இன் ஆட்டக்காரர்கள். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் நின்று, பாடுபவர் நடுக்கோட்டுக்குத் திரும்பும் வழியை அடைப்பவர்கள் கவர்கள். பாடுபவர் இடது கார்னரை நோக்கிச் சாய்ந்தால் அவரைப் பிடிக்கும் பொறுப்பு பெரும்பாலும் இடது கார்னருடையது என்றாலும், ஆட்டத்தை முடித்துவைப்பவர் வலப்புறத்திலிருந்து வளைந்து வந்து திரும்பும் பாதையை மூடும் கவராகவே இருப்பார். முதல் பிடி பாடுபவரை நிறுத்துவதற்கு, இரண்டாவது கை அவர் தப்பாமல் தடுப்பதற்கு என்ற இந்தப் பங்கீடு இல்லாவிட்டால், எவ்வளவு வலுவான பிடியும் பயன் தராது.

பின்னே நிற்பதற்குக் காரணம் எளிய அளவுக்கணக்கு. போனஸ் கோடு நடுக்கோட்டிலிருந்து 4.75 மீட்டர் தொலைவில் இருப்பதால், அங்கே கணுக்காலில் பிடிபட்ட ஒருவர் கையை நீட்டி முழு நீளத்துக்கு விழுந்தாலும் நடுக்கோட்டை எட்ட இரண்டு மீட்டருக்கு மேல் மிச்சமிருக்கும். அதே பிடியை இரண்டு மீட்டர் ஆழத்தில் போட்டால் விழுகிற வேகத்திலேயே அவர் விரல் கோட்டைத் தொட்டுவிடும். பாடுபவர் உள்ளே வருமுன் பாய்ந்து பிடிக்கும் அட்வான்ஸ் டேக்கிளைப் பயிற்சியாளர்கள் கண்டிப்பதற்கு ஒழுங்கைவிட இந்தத் தொலைவே முதற்காரணம்.

தொட்ட கைக்கு விலை

கபடியில் பிடி தவறினால், அந்த முயற்சியில் பாடுபவரைத் தொட்ட ஒவ்வொருவரும் ஆட்டமிழக்கிறார்கள். ஒருவர் தொட்டுத் தோற்றால் எதிரணிக்கு ஒரு புள்ளி, நால்வர் கட்டிப்பிடித்துத் தோற்றால் நான்கு புள்ளி. ஆனால் பிடி வென்றால் எத்தனை பேர் கைவைத்தாலும் வழக்கமாகக் கிடைப்பது ஒரே புள்ளிதான். ஆகவே பிடிக்கப் பாயும் ஒவ்வொரு கூடுதல் கையும் வெற்றி வாய்ப்பை உயர்த்துகிறது; தோல்வியின் விலையையும் அதே அளவில் உயர்த்துகிறது. 2017ஆம் ஆண்டுப் புரோ கபடித் தொடரின் வெளியேற்றுச் சுற்றில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராகப் பாட்னா பைரேட்ஸின் பர்தீப் நர்வால் 34 புள்ளிகள் குவித்தபோது, ஒரே பாட்டில் களத்தில் நின்ற ஆறு பேரையும் வீழ்த்தி, முழு அணியும் வெளியேறியதற்கான இரண்டு புள்ளிகளையும் சேர்த்து எட்டுப் புள்ளி எடுத்தது இந்த விதியின் கடுமையைக் காட்டும் சான்று. கைகோத்த சங்கிலியின் அடியில் குனிந்து நழுவும் டுப்கி என்னும் உத்தியில் தேர்ந்த அவருக்கு, மேலும் மேலும் வந்து சேர்ந்த கைகள் மேலும் மேலும் புள்ளிகளாயின.

நால்வரா, அறுவரா?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகளுக்குள் 10 கஜம் முன்னேற வேண்டிய கட்டாயம் உண்டு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைத் தவிர, எறியப்படும் பந்தை வாங்கத் தகுதி பெற்றவர்கள் வழக்கமாக ஐவர். தடுக்கும் அணி தன் பதினொருவரில் நால்வரைக் குவார்ட்டர்பேக்கை நெருக்க அனுப்பினால், ஐவரைக் காக்க எழுவர் மிஞ்சுகிறார்கள். ஆறு பேரை அனுப்பினால் ஐவருக்கு ஐவர் என்றாகி, பின்னால் எவரும் மிஞ்சுவதில்லை. வழக்கத்தை மீறிக் கூடுதலானோரை அனுப்பும் நெருக்கடிக்குப் பிளிட்ஸ் என்று பெயர்.

காவலிலும் இரு முறைகள் உண்டு. ஆளுக்கு ஆள் காவலில் ஒவ்வொரு தடுப்பாளரும் ஒருவரைப் பின்தொடர்கிறார்; பகுதிக் காவலில் ஒவ்வொருவரும் களத்தின் ஒரு துண்டைக் காத்து, அதற்குள் நுழைபவரைக் கவனிக்கிறார். ஆழத்தில் இருவர் களத்தை இரு பாதிகளாகப் பிரித்துக் காத்தால் அது கவர் 2. மூவர் மூன்று பங்காகக் காத்தால் கவர் 3. ஆழத்தில் ஒருவரும் இன்றி எல்லாரும் நெருக்கவோ பின்தொடரவோ செய்தால் கவர் 0. பட்டி ரயன் வகுத்த 46 தடுப்பாட்டத்தைக் கொண்டு சிகாகோ பேர்ஸ், முன்வரிசையில் ஆட்களைக் குவித்து எதிரணியை மூச்சுத்திணறச் செய்து, 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46-10 என வென்றது. அதற்கு நேர்மாறான பாடத்தை நியூயார்க் ஜயன்ட்ஸ் 2008 பிப்ரவரியில் தந்தது. அதுவரை 18 ஆட்டங்களிலும் தோற்காத பேட்ரியட்ஸின் டாம் பிரேடியை அந்த அணி ஐந்து முறை பந்தோடு வீழ்த்தி, 17-14 என வென்றது. அந்த நெருக்கடியின் பெரும்பகுதி முன்வரிசை நால்வரிடமிருந்தே வந்ததால், பின்காவல் குலையாமல் நின்றது.

எண்ணிக்கையை மறைத்தல்

ஆட்களைக் கூட்டாமலே நெருக்கடியைக் கூட்டும் வழி, யார் வருவார் என்பதை எதிரிக்குத் தெரியாமல் செய்வது. டிக் லெபோ 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் வளர்த்தெடுத்த ஸோன் பிளிட்ஸில், பின்னே நிற்கும் ஒருவர் திடீரென முன்னே பாய, முன்வரிசையில் இருக்கும் பெரிய உடலாளர் ஒருவர் பின்வாங்கிக் காவலில் நிற்கிறார். பாய்ந்தவர்களின் தொகை அதிகம் கூடாதபோதும், குவார்ட்டர்பேக் காலியாக இருக்கும் என்று நம்பிய இடத்தில் ஓர் ஆள் முளைத்துவிடுகிறார்.

கபடியில் இந்த மறைப்பைத் தேர்ந்த கார்னர்கள் காலடியாலேயே செய்கிறார்கள். களத்தில் ஆறு அல்லது ஏழு தடுப்பாளர்கள் இருக்கும்போது மட்டுமே, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால்வைப்பவருக்குப் போனஸ் புள்ளி உண்டு என்பதால், அந்நிலையில் ஒரு கார்னர் அரையடி பின்வாங்கி இடம் கொடுப்பதுபோல் காட்டிப் பாடுபவரின் காலை ஆழத்துக்கு வரவழைப்பார். கால் நீண்டு உடலின் எடை ஒரே காலில் நிற்கும் கணத்தில் கணுக்கால் பிடி விழும், கவர் வந்து வழியை மூடுவார். புரோ கபடியில் 500 பிடிப் புள்ளிகளைக் கடந்த முதல் வீரரான ஈரானின் ஃபசல் அத்ராசலி இடது கார்னர் என்பதும், 2018 ஆசிய விளையாட்டில் ஈரான் ஆடவர் அணி அரையிறுதியில் இந்தியாவை 27-18 என வீழ்த்தியதும், கட்டுக்கோப்பான பிடியாட்டத்தின் மதிப்பை உலகுக்கு உணர்த்தின. 1990இல் கபடி ஆசிய விளையாட்டில் சேர்க்கப்பட்டதிலிருந்து ஆடவர் தங்கத்தை இந்தியா இழந்தது அதுவே முதல்முறை.

தமிழ்நாட்டு அணியான தமிழ் தலைவாஸின் வரலாறும் இதையே சொல்கிறது. 2017இல் தொடரில் நுழைந்த அந்த அணி, 2022இல் பெருந்தொகைக்கு வாங்கிய பவன் செராவத்தை முதல் ஆட்டத்திலேயே காயத்தால் இழந்தது. ஆயினும் வலது கார்னர் சாகர் ராத்தி, இடது கார்னர் சாகில் குலியா ஆகிய இளைஞர்களைத் தூண்களாகக் கொண்ட தடுப்பு வரிசையின் துணையோடு, முதன்முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்று அரையிறுதிவரை சென்றது.

ஆள் குறையும்போது

தடுக்கும் அணி ஐவராகக் குறைந்ததும் போனஸ் மறைந்துவிடுவதால், பாடுபவர் புள்ளிக்காக யாரையாவது தொட்டே ஆக வேண்டும்; தடுப்பவர்கள் ஆழத்தில் காத்திருக்கலாம். மூவராகவோ அதற்குக் குறைவாகவோ ஆகும்போது கணக்கு மறுபடி திரும்புகிறது: அந்நிலையில் பிடித்தால் சூப்பர் டேக்கிள் என்று இரண்டு புள்ளி கிடைப்பதால், பாய்வதற்கான ஊதியம் இரட்டிக்கிறது. தொடர்ந்து இரு பாட்டுகள் புள்ளியின்றி முடிந்தால் மூன்றாவது, புள்ளி எடுக்காவிட்டால் வெளியேற வேண்டிய டூ ஆர் டை பாட்டாகிவிடும். 30 விநாடிக்குள் துணிந்தாக வேண்டியவர் பாடுபவரே என்பதால், அப்போது தடுப்பவர்களுக்குப் பொறுமையே மிகச்சிறந்த ஆயுதம். 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியில், 28-28 என்ற சமநிலையில் அத்தகைய பாட்டுக்குச் சென்ற பவன் செராவத் யாரையும் தொடாமல் லாபியில் கால்வைக்க, ஈரானியத் தடுப்பாளர்கள் அவரைத் துரத்தி லாபிக்குள் நுழைந்ததால் யாருக்கு எத்தனை புள்ளி என்ற சர்ச்சை எழுந்து ஆட்டம் நெடுநேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என வென்றது. தானாக வெளியேறியவரைத் துரத்த வேண்டிய தேவையே அங்கு இருக்கவில்லை.

இந்தக் கணக்கு அடுத்து ஒலிம்பிக்கிலும் வரவிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டிகளில் கிரிக்கெட்டோடு சேர்க்கப்பட்டுள்ள கொடிக் கால்பந்து, அணிக்கு ஐவர் ஆடுவதும் வீழ்த்துவதற்குப் பதில் இடுப்பில் தொங்கும் கொடியைப் பறிப்பதுமான அமெரிக்கக் கால்பந்தின் மென்வடிவம். ஐவரில் ஒருவர் நெருக்கச் சென்றாலே காவலில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்பதால், அங்கே ஒவ்வோர் அனுப்புதலும் பெரிய பந்தயம். முதலமைச்சர் கோப்பைக்கான மாவட்டப் போட்டியிலோ ஊர்த் திடலிலோ கபடி பார்ப்பவர், ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் நிற்பவர்களின் எண்ணிக்கையையும், முடிவில் கைவைக்காமல் நின்றவர்களின் இடத்தையும் கவனித்தால், பிடித்தவரின் பெயரில் எழுதப்படும் புள்ளியில் வழியை மூடி நின்றவரின் பங்கு எவ்வளவு என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியும்.